எம்பேனல்டு க்ளவுட்லதானே போடறோம், அப்புறம் எங்களுக்கு எதுக்குத் தனியா ஆடிட்?

கேள்விய முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், புதுசா படிக்கறவங்களுக்கு. கேட்டவர் கோயம்புத்தூர்ல ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனில வேல பாக்கறவர். முதல் தடவையா ஒரு மாநில அரசுத் துறைக்கு அப்ளிகேஷன் செய்யறாங்க, ஜனங்க சான்றிதழ ஸ்கேன் பண்ணி ஏத்தி விண்ணப்பம் போடற மாதிரி. ஓசி க்ரெடிட் கெடச்சுதேன்னு ஒரு க்ளவுட் கம்பெனியோட சிங்கப்பூர் ரீஜன்ல, அதாவது அந்த ஊர் டேட்டா சென்டர்ல, போட்டு ஓட்டிட்டு இருந்திருக்காங்க, இப்ப துறைல இருந்து ரெண்டே ரெண்டு வரி வந்திருக்கு: மெய்ட்டி (மத்திய எலக்ட்ரானிக்ஸ், ஐ.டி அமைச்சகம்) எம்பேனல்டு க்ளவுட்ல, அதாவது அவங்க சோதிச்சுப் பட்டியல்ல சேத்த க்ளவுட்ல, இருக்கா, சேஃப் டு ஹோஸ்ட் சர்டிஃபிகேட், அதாவது அப்ளிகேஷன் பாதுகாப்பா இருக்கு, போடலாம்னு ஆடிட்டர் குடுக்கற சான்று, எங்க. "க்ளவுட் கம்பெனிய ஏற்கனவே ஆடிட் பண்ணியாச்சு, அவங்ககிட்ட இல்லாத சர்டிஃபிகேட்டா, மறுபடி எங்கள எதுக்கு ஆடிட் பண்ணணும், இதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டிதானே" அப்படிங்கறாரு.

ஃபார்மாலிட்டி இல்ல தம்பி. நான் பதினாலு வருஷமா அரசு ப்ராஜெக்ட்டுங்கள்ல இன்ஃப்ரா பக்கம்தான் இருக்கேன், இந்தக் கேள்விய வருஷத்துக்கு நாலு பேராவது கேக்கறாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், டீ போட்டுக்கிட்டு உக்காருங்க.

முதல்ல சிங்கப்பூர் மேட்டர். அத இன்னைக்கே நிறுத்துங்க. டெஸ்ட் டேட்டாதானே, நிஜ ஜனங்க டேட்டா இல்லையேன்னு சொல்லுவீங்க, ஆனா எல்லா டெஸ்ட் சர்வர்லயும் எவனாவது ஒருத்தன் நிஜ எக்செல் ஷீட்ட ஏத்தி வெச்சிருப்பான், நான் பாக்காத ப்ராஜெக்ட்டே கிடையாது. மெய்ட்டி எம்பேனல்மென்ட்டோட அடிப்படை நிபந்தனையே அரசு டேட்டா இந்தியாவுக்குள்ளயே இருக்கணும்ங்கறதுதான், பேக்கப்பும் சேத்து.

இந்த எம்பேனல்மென்ட் எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா பாதி குழப்பம் போயிடும். ஒரு காலத்துல ஒவ்வொரு துறைக்கும் ஒரு சர்வர் ரூம், ரெண்டு ஏசி, ஒரு யு.பி.எஸ், சாவி ஒரு கிளார்க்கிட்ட. சர்வர் வாங்க டெண்டர் விட்டு வந்து சேரவே எட்டு மாசம், வந்தப்புறம் அதுல பத்துல ஒரு பங்கு கூட ஓடாது. இத ஒரு ஒழுங்குக்குக் கொண்டு வரத்தான் 2013-ல மத்திய அரசு மேக்ராஜ்னு ஒரு கொள்கைய வெளியிட்டுச்சு, 2014-ல என்.ஐ.சி (மத்திய அரசோட கம்ப்யூட்டர் சேவை அமைப்பு) தன்னோட நேஷனல் க்ளவுட்ட ஆரம்பிச்சுது. என்.ஐ.சி ஒருத்தரால மட்டும் எல்லாத்தையும் தாங்க முடியாதுல்ல, அதனால தனியார் க்ளவுட் கம்பெனிங்கள சோதிச்சுப் பட்டியல்ல சேக்கற முறை வந்துச்சு, 2017 வாக்குல உலகப் பெரிய கம்பெனிங்களும் உள்ள வந்தாங்க. துறை இந்தப் பட்டியல்ல இருந்து எடுத்துக்கலாம், ஒவ்வொரு துறையும் தனித்தனியா டேட்டா சென்டருக்குப் போய்ப் பூட்ட இழுத்துப் பாக்க வேண்டியதில்ல. அமெரிக்காவுல 2011-ல இருந்து இருக்கற ஃபெட்ராம்ப் கூட இதே யோசனைதான், ஒரு தடவ சோதிச்சா எல்லா ஏஜென்சியும் அத வெச்சுக்கலாம், ஆனா அவங்க கண்ட்ரோல் (செஞ்சு காட்ட வேண்டிய பாதுகாப்பு ஏற்பாடு) பட்டியல் பயங்கரம், நடுத்தர லெவலுக்கே 323.

நம்ம ஊர்ல என்ன பாக்கறாங்கன்னா, ஐ.எஸ்.ஓ 27001, க்ளவுட்டுக்குன்னே இருக்கற 27017, தனிநபர் தகவலுக்கு 27018, சேவை நிர்வாகத்துக்கு 20000, டேட்டா சென்டர் டியர் 3 தரம் (ஓட்டத்த நிறுத்தாமயே பராமரிப்பு வேல பாக்கக் கூடிய அளவு), இதெல்லாம் இருக்கணும், அப்புறம் மெய்ட்டியோட சோதனை அமைப்பான எஸ்.டி.க்யூ.சி ஆளுங்க வந்து ஆடிட் பண்ணுவாங்க. இதுல நிறைய பேர் கோட்ட விடற இடம் ஒண்ணு இருக்கு. எம்பேனல்மென்ட் கம்பெனி பேருக்கு மொத்தமா குடுக்கறது கிடையாது, எந்த ஊர் டேட்டா சென்டர், எந்த மாடல், எந்தெந்த சர்வீஸுங்கற வரைக்கும் பாக்கணும். மாடல்னா பப்ளிக் க்ளவுட் (எல்லாரும் பகிர்ந்துக்கறது), விர்ச்சுவல் ப்ரைவேட் க்ளவுட் (அதுலயே தனியா பிரிச்சுக் குடுக்கறது), அரசுத் துறைங்களுக்கு மட்டும்னு ஒதுக்கற கவர்ன்மென்ட் கம்யூனிட்டி க்ளவுட். அந்தக் கம்பெனி புதுசா இன்னொரு ஊர்ல ரீஜன் தொறந்தா அது தானா பட்டியல்ல வந்துடாது. போன மாசம் அவங்க அறிவிச்ச புது ஏஐ சர்வீஸும் வந்துடாது, அத நீங்க உங்க கோட்ல ஆசையா கூப்ட்டு வெச்சிருந்தீங்கன்னா ஆடிட்டர் வர்ற அன்னைக்குத்தான் தெரியும். டெண்டர்ல எந்த மாடல் கேட்டிருக்காங்கன்னு மறுபடி ஒரு தடவ படிங்க, மெய்ட்டி சைட்ல இருக்கற பட்டியல்ல செல்லுபடி தேதியயும் சேத்துப் பாருங்க.

சரி, இப்ப உங்க உண்மையான கேள்வி. க்ளவுட் கம்பெனிய ஆடிட் பண்ணியாச்சு, நம்மள எதுக்கு.

கல்யாண மண்டபம் எடுக்கறீங்க. மண்டபத்துக்கு ஃபயர் லைசென்ஸ் இருக்கு, ஜெனரேட்டர் இருக்கு, வாசல்ல செக்யூரிட்டி நிக்கறாரு, எல்லாம் பக்கா. சமையல் உங்க காண்ட்ராக்ட் ஆளு. சாம்பார் ஊசிப் போய் நூறு பேருக்கு வயித்தால போச்சுன்னா மண்டபத்துக்காரர்கிட்ட போய் "உங்ககிட்ட லைசென்ஸ் இருக்கேய்யா"ன்னு சண்ட போடுவீங்களா? மொய்ப் பணம் வெச்ச பைய மணமேடை ஓரமா விட்டுட்டுப் போனா வாசல் செக்யூரிட்டி என்ன பண்ணுவாரு? எம்பேனல்மென்ட்டுங்கறது மண்டபத்துக்கான லைசென்ஸ். டேட்டா சென்டர் கதவு, கரென்ட்டு, ஹார்டுவேர், ஹைப்பர்வைசர் (ஒரு மெஷின பல சர்வரா பிரிக்கற சாஃப்ட்வேர்) வரைக்கும் அவங்க பொறுப்பு. அதுக்கு மேல நீங்க ஏத்தற ஓ.எஸ், அதோட பேட்ச், ஃபயர்வால் ரூல், யாருக்கு என்ன அனுமதி, உங்க கோடு, எல்லாம் உங்க சமையல்.

ஒரு துறைல, பேர் வேண்டாம், நான் பாத்தது. எல்லாம் எம்பேனல்டு, கம்யூனிட்டி க்ளவுட், பேப்பர் எல்லாம் சுத்தம். ஜனங்க ஏத்தின ஜாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், எல்லாம் ஒரு ஸ்டோரேஜ் பக்கெட்ல, அதாவது க்ளவுட்ல ஃபைல் போட்டு வெக்கற பெட்டில. மொபைல் ஆப்ல படம் லோடு ஆகலன்னு ஒரு வெள்ளிக்கிழம சாயங்காலம் டெவலப்பர் பையன் அந்தப் பக்கெட்ட பப்ளிக்னு மாத்தியிருக்கான், திங்கக்கிழம சரி பண்ணிக்கலாம்னு. எந்தத் திங்கக்கிழமன்னு சொல்லல. பதினோரு மாசம் கழிச்சு ஆடிட்ல மாட்டுச்சு. ஃபைல் பேரு விண்ணப்ப நம்பர்தான், ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரிசையா, நம்பர மாத்தி மாத்திப் போட்டா அடுத்த ஆளோட பாஸ்புக் வருது. க்ளவுட் கம்பெனி மேல ஒரு தப்பும் கிடையாது, அவங்க "இது பப்ளிக்கா இருக்கு"ன்னு மெயில்கூட அனுப்பியிருக்காங்க, அந்த மெயில் ஐடி வேலைய விட்டுப் போன ஒருத்தரோடது.

இதப் புடிக்கத்தான் உங்ககிட்ட கேக்கற ஆடிட். சர்ட்-இன் (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) எம்பேனல் பண்ணின ஆடிட்டர்தான் பண்ணணும், உங்களுக்குத் தெரிஞ்ச செக்யூரிட்டி ஃப்ரெண்டு பண்ணினா செல்லாது. மொதல் ரவுண்டுல ஓட்டையெல்லாம் எழுதிக் குடுப்பாங்க, நீங்க சரி பண்ணணும், ரெண்டாவது ரவுண்டு பாத்துட்டுத்தான் சர்டிஃபிகேட். நிறைய பேர் கோ-லைவுக்கு ஒரு வாரம் முன்னாடி ஆடிட்டர கூப்பிடறாங்க, மந்திரி தொடங்கி வெக்கற தேதி போஸ்டர் அடிச்சாச்சு, ஆடிட்டர் நாப்பது பாயின்ட் குடுக்கறாரு, அப்ப நடக்கற கூத்த சொல்லி மாளாது. ஆறு வாரமாவது கையில வெச்சுக்கங்க. இன்னொண்ணு, அந்த சர்டிஃபிகேட் அன்னைக்கு இருந்த அந்த வெர்ஷனுக்குத்தான், அதுக்கப்புறம் பேமென்ட் மாட்யூல் சேத்தீங்க, லாகின மாத்தினீங்கன்னா மறுபடி ஆடிட்தான். ரெண்டு வாரத்துக்கு ஒரு ரிலீஸ் விடற உங்க ஸ்ப்ரிண்ட் பழக்கத்துக்கு இது சுத்தமா ஒத்து வராது, நானும் ஒத்துக்கறேன், இந்த முறை பழைய காலத்து வெப்சைட்ட மனசுல வெச்சு எழுதினது. அதனால பெரிய மாற்றத்தையெல்லாம் சேத்து வெச்சு மூணு மாசத்துக்கு ஒண்ணா விடுங்க, நடுவுல சின்னச் சின்ன ஃபிக்ஸ் மட்டும்.

அடுத்து லாக், அதாவது யாரு எப்ப என்ன பண்ணாங்கன்னு சர்வர் எழுதி வெக்கற பதிவு. 2022 ஏப்ரல் 28 சர்ட்-இன் உத்தரவு படிச்சிருக்கீங்களா? சைபர் தாக்குதல் மாதிரி சம்பவம் தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள ரிப்போர்ட் பண்ணணும், லாக் 180 நாள் வெச்சிருக்கணும், சர்வர் கடிகாரமெல்லாம் என்.ஐ.சி இல்லன்னா என்.பி.எல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேரத்தோட ஒத்துப் போகணும். கடிகாரத்துக்கெல்லாம் உத்தரவான்னு நான்கூட அப்ப சிரிச்சேன், அப்புறம் ஒரு தடவ மூணு சர்வர் மூணு நேரம் காட்ட, எது முதல்ல நடந்துச்சுன்னு கண்டுபுடிக்க ரெண்டு ராத்திரி உக்காந்தப்ப சிரிப்பு வரல. லாக 180 நாளுக்கு செட் பண்ணாதீங்க, ஒரு வருஷத்துக்குப் பண்ணிடுங்க. 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பர்ல விதிங்க வந்திருக்கு, அதுல ஒரு வருஷம்னு இருக்கு, அந்தப் பகுதி அமலுக்கு வர பதினெட்டு மாசம் டைம் குடுத்திருக்காங்க, ஆனா உங்க காண்ட்ராக்ட் அதத் தாண்டி ஓடுமில்ல. பாதுகாப்பு ஏற்பாடு சரியில்லன்னா அபராதம் 250 கோடி வரைக்கும் போகலாம்.

லாக்குக்குக் காசு ஆகுதுன்னு துறைல முனகுவாங்க. அவங்ககிட்ட 2023 கதைய சொல்லுங்க. மைக்ரோசாஃப்டோட மெயில் சேவைக்குள்ள சீனாவோட தொடர்பு இருக்கற ஒரு கும்பல், அவங்களுக்கு ஸ்டார்ம்-0558னு பேரு வெச்சிருக்காங்க, திருடின டிஜிட்டல் சாவி ஒண்ண வெச்சு பூந்து அமெரிக்க வணிகத் துறைச் செயலர் ஜினா ரைமண்டோ மெயில்பாக்ஸ் வரைக்கும் போயிட்டாங்க. வெளியுறவுத் துறைல இருந்து மட்டும் சுமாரா 60,000 மெயில். கண்டுபுடிச்சது யாருன்னா மைக்ரோசாஃப்ட் கிடையாது, அந்த வெளியுறவுத் துறையேதான், காரணம் அவங்க கூடுதல் காசு குடுத்து விரிவான லாக் வாங்கி வெச்சிருந்தாங்க, ஒரு அலர்ட் ரூல் எழுதி வெச்சிருந்தாங்க. அந்த லாக் வாங்காத இடத்துல இருந்தவங்களுக்கு உள்ள ஆள் இருக்கறதே தெரிய வழியில்ல. தடுத்திருக்கக் கூடிய சம்பவம்னு அமெரிக்க அரசோட ஆய்வு வாரியம் 2024 ஏப்ரல்ல எழுதுச்சு. இத்தனைக்கும் அங்க அத்தன கண்ட்ரோலும் டிக் போட்ட க்ளவுட். டிக் இருந்தாலும் லாக்க யாராவது பாத்துட்டு இருக்கணும்.

இனிமே சொல்லப்போறது யாரும் உங்களுக்கு எழுதிக் குடுக்க மாட்டாங்க, பணம். செக்யூரிட்டிய விட அரசு க்ளவுட் ப்ராஜெக்ட்டு படுத்துக்கறது இதுலதான். க்ளவுட்டுங்கறது கரென்ட் பில் மாதிரி, ஓட்டினதுக்குக் காசு. அரசு பட்ஜெட்டுங்கறது ஏப்ரல்ல எழுதி மார்ச்ல முடிக்கறது. டெண்டர்ல இத்தன கோர், இத்தன ஜி.பி ரேம், இத்தன டி.பி ஸ்டோரேஜ்னு எண்ணிப் போட்டு எல்-1 (கம்மி விலை சொன்னவங்க) யாரோ அவங்களுக்குக் குடுத்துடுவாங்க, அதாவது க்ளவுட்ட சர்வர் வாங்கற மாதிரியே வாங்கறாங்க. ரிசல்ட்டு வர்ற அன்னைக்கு, கடைசித் தேதி அன்னைக்குக் கூட்டம் பத்து மடங்கு ஏறும், ஆட்டோ ஸ்கேலிங் (கூட்டத்துக்கு ஏத்த மாதிரி சர்வர தானா கூட்டிக் கொறைக்கறது) போட்டா தாங்கும், ஆனா அதுக்கான பில்ல எந்தத் தலைப்புல பாஸ் பண்றதுன்னு அக்கவுன்ட்ஸ் ஆபீசர் கேப்பாரு, அவர் மேலயும் தப்பில்ல, நாளைக்கு ஏ.ஜி (அக்கவுன்டன்ட் ஜெனரல்) கணக்கு ஆடிட்ல அவர்தான் பதில் சொல்லணும். கொரோனா தடுப்பூசிக்குப் பதிவு பண்ணின கோவின் ஞாபகம் இருக்கா, 2021 ஏப்ரல் 28 சாயங்காலம் 4 மணிக்கு 18 வயசு தாண்டினவங்களுக்குப் பதிவு தொறந்தப்ப தடுமாறுச்சு, அப்புறம் அதே கோவின் செப்டம்பர் 17 ஒரே நாள்ல 2.5 கோடி டோஸ் கணக்க ஏத்துச்சு. அந்த மாதிரி ஏறி இறங்கற வசதிக்காகத்தான் க்ளவுட்டுக்கே போறோம், அத டெண்டர்ல ஃபிக்ஸ்டா கட்டிப் போட்டா எதுக்குப் போனோம்? உங்க காண்ட்ராக்ட்ல ஒரு மாசச் சராசரியும், உச்சத்துக்கு ஒரு யூனிட் ரேட்டும், இதுக்கு மேல போனா துறையக் கேட்டுத்தான்னு ஒரு வரம்பும் எழுதச் சொல்லுங்க. ஜெம்ங்கற அரசு கொள்முதல் போர்ட்டல்லயும் க்ளவுட் சேவை வாங்கலாம், மெய்ட்டி கொள்முதல் வழிகாட்டியும் போட்டிருக்கு, துறை ஆளுங்களுக்கு அதப் பிரிண்ட் எடுத்துக் குடுத்தா உங்கள மதிப்பாங்க.

அதே பணப் பேச்சுல ஒண்ணு, க்ளவுட் அக்கவுன்ட் யார் பேர்ல? உங்க எம்.டி-யோட ஜிமெயில்ல தொறந்திருப்பீங்க, அடிச்சுச் சொல்றேன். ரூட் அக்கவுன்ட், அதாவது எல்லா அதிகாரமும் இருக்கற தலைமை அக்கவுன்ட், துறையோட அதிகாரப்பூர்வ மெயில்ல இருக்கணும், ஒரு ஆள் பேர்ல இல்லாம பதவி பேர்ல, ஏன்னா ஆபீசர் ட்ரான்ஸ்ஃபர் ஆவாரு. உங்களுக்கு வேலை செய்யற அளவு அனுமதி மட்டும். காண்ட்ராக்ட் முடிஞ்சு வென்டார் சாவியக் குடுக்க மாட்டேன்னு ஒக்காந்து, துறை தன்னோட டேட்டாவத் தானே கெஞ்சி வாங்கினதையும் பாத்திருக்கேன்.

இந்தியாவுக்குள்ள டேட்டா இருந்தா போதுமான்னு இன்னொரு கேள்வி எப்பவும் வரும், நீங்க கேக்கலன்னாலும் துறைல யாராவது கேப்பாங்க. அமெரிக்காவுல 2018-ல வந்த க்ளவுட் ஆக்ட் என்ன சொல்லுதுன்னா, அமெரிக்கக் கம்பெனி கட்டுப்பாட்டுல இருக்கற டேட்டா உலகத்துல எங்க கெடந்தாலும் முறைப்படி கேட்டா குடுக்கணும்ங்குது. சட்டம் ஒரு பக்கம், சுவிட்ச் இன்னொரு பக்கம். 2025 ஜூலைல ஐரோப்பியத் தடைப் பட்டியல்ல வந்த நயாரா எனர்ஜிக்கு மைக்ரோசாஃப்ட் சேவைய நிறுத்திடுச்சு, இந்தியாவுல ரிஃபைனரி வெச்சிருக்கற கம்பெனி, டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போனாங்க, சில நாள்ல திரும்பி வந்துச்சு. டேட்டா எந்த ஊர்ல இருந்துச்சுங்கறது அங்க ஒதவல. மத்திய அரசு மெயில் பெட்டிங்க, 12 லட்சத்துக்கும் மேல, என்.ஐ.சி-ல இருந்து ஸோஹோ தளத்துக்கு மாறினது இந்தப் பின்னணியிலதான் பாக்கணும், நம்ம சென்னைக் கம்பெனிங்கறதால நம்மாளுங்களுக்கு ஒரு பெருமை, இருக்கட்டும், ஆனா லாக்கு, சாவி, அனுமதி கேள்வியெல்லாம் அங்கயும் அப்படியேதான் நிக்கும். உங்க சைஸ் ப்ராஜெக்ட்டுக்கு நடைமுறையா செய்யக் கூடியது, என்க்ரிப்ஷன் சாவிய துறை கட்டுப்பாட்டுல வெக்கறது, ஒரே கம்பெனிகிட்ட மட்டும் கெடைக்கற டேட்டாபேஸ தவிர்த்துட்டு போஸ்ட்கிரெஸ் மாதிரி எங்கயும் ஓடறத எடுக்கறது.

இவ்ளோ தலவலின்னா பேசாம துறை சொந்த சர்வர்லயே வெச்சுக்கலாமேன்னு தோணும். டெல்லி எய்ம்ஸ் அப்படித்தான் வெச்சிருந்துச்சு. 2022 நவம்பர் 23 ரேன்சம்வேர் (டேட்டாவப் பூட்டிட்டுப் பணம் கேக்கற வைரஸ்), அஞ்சு சர்வர், சுமார் 1.3 டி.பி டேட்டா பூட்டிக்கிச்சு, ரெண்டு வாரம் கிட்ட ஆஸ்பத்திரி பேப்பர்லயும் பேனாவுலயும் ஓடுச்சு. நெட்வொர்க்க சரியாப் பிரிச்சு வெக்கலன்னு அரசே நாடாளுமன்றத்துல சொன்னாங்க. அத விடக் கொடுமை தென் கொரியா. அங்க அரசு ஊழியருங்கள, பாதுகாப்புக்காக வேல ஃபைல பிசில வெக்காதீங்க, ஜி-டிரைவுன்னு அரசோட சொந்த க்ளவுட்ல மட்டும் வைங்கன்னு சொல்லி வெச்சிருந்தாங்க. 2025 செப்டம்பர் 26 டேஜான் ஊர்ல இருக்கற தேசியத் தகவல் வள மையத்துல லித்தியம் பேட்டரி தீப்புடிச்சு 709 அரசு சிஸ்டத்த நிறுத்த வேண்டியதாச்சு. ஜி-டிரைவ் மொத்தமா போச்சு, 858 டி.பி. சைஸ் பெருசுன்னு வெளிய பேக்கப்பே எடுக்கல. விதிய ஒழுங்காக் கடப்பிடிச்ச ஊழியருக்குத்தான் எல்லாம் போச்சு, சொல் பேச்சு கேக்காம பென்டிரைவ்ல ஒளிச்சு வெச்சவன் தப்பிச்சிருப்பான், என்னத்த சொல்ல.

அதனால ஆடிட்டர் வர்றதுக்கு முன்னாடி நீங்களே ஒரு வேல பண்ணுங்க. ஒரு சனிக்கிழம, நேத்து ராத்திரி பேக்கப்ப எடுத்து, வேற ஊர் ரீஜன்ல காலியா ஒரு சர்வர் எழுப்பி, அதுல உங்க அப்ளிகேஷன முழுசா நிக்க வெச்சுப் பாருங்க. டைம் எழுதுங்க. முதல் தடவ கண்டிப்பா நிக்காது, எங்களுக்கு முதல் தடவ பதினாறு மணி நேரம் ஆச்சு, ஏன்னா டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருந்த ஃபைல் எரிஞ்சு போனதா நாங்க நெனச்சுக்கிட்ட அதே சர்வர்லதான் இருந்துச்சு. அத சரி பண்ணிட்டு எந்த ரீஜன், எந்த மாடல் டெண்டர்ல இருக்குன்னு பாத்துட்டு இங்கயே கீழ கேளுங்க, ஆடிட்டர்கிட்ட குடுக்கற டாக்குமென்ட் எப்படி எழுதறதுன்னு அடுத்ததா சொல்றேன்.